உற்பத்திச் சூழலுக்கான வழங்கி இயங்குதளத் தேர்வு

உற்பத்திச் சூழல் என்பது ஒரு மென்பொருளைப் பயனர்கள் தம் அன்றாட வேலைக்கு நேரடியாகப் பயன்படுத்தும் கணினி ஏற்பாட்டைக் குறிக்கும். வங்கிப் பரிமாற்றம், மருத்துவமனைப் பதிவேடு, பயணச்சீட்டு முன்பதிவு, மின்னஞ்சல் போன்றவை இத்தகைய சூழலில் இயங்குகின்றன. நிரலாளர்கள் சோதித்துப் பார்க்கும் கணினி நின்றுபோனால் ஒரு குழுவின் வேலை மட்டும் தடைபடும். உற்பத்திச் சூழலின் வழங்கி நின்றுபோனால் அதை நம்பியிருக்கும் அனைவரின் வேலையும் நின்றுவிடும். அதனால் அவ்வழங்கியில் எந்த இயங்குதளத்தை நிறுவுவது என்பது தொழில்நுட்ப முடிவாக மட்டுமன்றி, பல ஆண்டுகளுக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் நிர்வாக முடிவாகவும் அமைகிறது.

இன்று லினக்ஸ் வழங்கல்கள், விண்டோஸ் சர்வர், ஃப்ரீபிஎஸ்டி போன்ற பிஎஸ்டி குடும்பத்தின் இயங்குதளங்கள் ஆகியவை இப்பணிக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. உலகின் மிக வேகமான 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாக் கணினிகளும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஆயினும் லினக்ஸ் என்று முடிவு செய்த பின்னும் எந்த வழங்கல், எந்தப் பதிப்பு, யாருடைய ஆதரவு என்ற கேள்விகள் எஞ்சுகின்றன.

மேசைக் கணினியிலிருந்து வேறுபடும் இடம்

மேசைக் கணினியின் பயனர் புதிய வசதிகளையும் அழகிய இடைமுகத்தையும் விரும்புகிறார். வழங்கியின் முன் பெரும்பாலும் யாரும் அமர்வதில்லை. தொலைவிலிருந்து கட்டளை வரி மூலமோ தானியங்கு கருவிகள் மூலமோ அது நிர்வகிக்கப்படுகிறது. வரைகலை இடைமுகம் அங்கு நினைவகத்தை வீணாக்குவதோடு, தாக்குவோருக்குக் கூடுதல் வழிகளையும் திறந்துவிடும். இதனாலேயே 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து விண்டோஸ் சர்வரிலும் வழக்கமான மேசைத்தளம் இல்லாத 'சர்வர் கோர்' நிறுவல் முறை வழங்கப்படுகிறது.

வழங்கியைப் பொறுத்தவரை ஒவ்வொரு மாற்றமும் ஓர் இடர். நேற்று இயங்கிய நிரல் இன்றும் அவ்வாறே இயங்கவேண்டும். அதே வேளையில் நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்புக் குறைபாடு இன்றே அடைக்கப்படவேண்டும். மாறாமல் இருப்பது, உடனே மாறுவது என்ற இவ்விரு தேவைகளையும் ஓர் இயங்குதளம் எவ்வாறு சேர்த்து நிறைவேற்றுகிறது என்பதே தேர்வின் மையக் கேள்வியாகும்.

சென்ட்ஓஎஸ் நிகழ்வு

இத்தேர்வில் எவை எவை அடங்கியுள்ளன என்பதைச் சென்ட்ஓஎஸ் லினக்ஸின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ரெட் ஹேட் நிறுவனம் தன் வணிக வெளியீடான ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் (சுருக்கமாக ரெல்) மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டு வந்தது. அதை எடுத்து, வணிகச் சின்னங்களை நீக்கி, மீண்டும் கட்டமைத்துக் கட்டணமின்றி வழங்கும் திட்டமாக 2004இல் சென்ட்ஓஎஸ் தோன்றியது. சந்தா செலுத்தாமல் ரெல்லுக்கு இணையான இயங்குதளம் கிடைத்ததால் இணைய வழங்கிகளிலும் கல்வி, ஆய்வு நிறுவனங்களிலும் அது பரவியது. 2014 சனவரியில் அத்திட்டம் ரெட் ஹேட்டின் அரவணைப்பில் வந்தது. ரெட் ஹேட்டை ஐபிஎம் நிறுவனம் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கும் பணி 2019 சூலையில் நிறைவடைந்தது.

சென்ட்ஓஎஸ் 8 பதிப்பு 2019 செப்டம்பரில் வெளியானபோது 2029 வரை அதற்கு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 2020 திசம்பர் 8 அன்று, அப்பதிப்பு 2021 திசம்பர் 31உடன் முடிவுக்கு வரும் என அறிவிக்கப்பட்டது. அதன் இடத்தில் முன்வைக்கப்பட்ட சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம், ரெல்லின் அடுத்த சிறு வெளியீட்டுக்கு வரவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே பெறும் கிளையாகும். முன்பு ரெல்லுக்குப் பின்னால் வந்தது, இப்போது அதற்கு முன்னால் செல்வதாக மாறியது.

இதன் விளைவு விந்தையானது. முந்தைய சென்ட்ஓஎஸ் 7க்கு அறிவிக்கப்பட்டிருந்த 2024 சூன் 30 என்ற முடிவு நாள் மாறவில்லை. ஆகவே விரைந்து புதிய பதிப்புக்கு மாறியவர்கள், பழையதிலேயே இருந்தவர்களைவிட இரண்டரை ஆண்டுகள் முன்னதாக ஆதரவை இழந்தனர்.

வெற்றிடத்தை நிரப்ப இரு மாற்றுகள் தோன்றின. கிளவுட்லினக்ஸ் நிறுவனம் தொடங்கிய ஆல்மாலினக்ஸ் 2021 மார்ச்சிலும், சென்ட்ஓஎஸ் நிறுவுநர்களுள் ஒருவரான கிரிகோரி குர்ட்சர் தொடங்கிய ராக்கி லினக்ஸ் 2021 சூனிலும் முதல் நிலையான வெளியீடுகளைக் கண்டன. மறைந்த இணை நிறுவுநர் ராக்கி மெக்காவின் நினைவாக ராக்கி லினக்ஸுக்குப் பெயரிடப்பட்டது. 2023 சூனில் ரெட் ஹேட் தன் மூலநிரலைப் பொதுவில் வெளியிடுவதைச் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமோடு நிறுத்திக்கொண்டது. அதன்பின் ஆல்மாலினக்ஸ், வரிக்கு வரி ரெல்லை நகலெடுக்கும் இலக்கைக் கைவிட்டு, ரெல்லுக்காக எழுதிய நிரல்கள் தன்னிலும் இயங்கவேண்டும் என்ற பொருத்தப்பாட்டை இலக்காகக் கொண்டது.

இந்நிகழ்வு தரும் பாடம் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தைப் பற்றியதன்று. கட்டணமில்லா மென்பொருளின் ஆதரவுக் காலம் ஓர் ஒப்பந்தம் அல்ல, அறிவிப்பு மட்டுமே. இயங்குதளத்தின் தரத்தோடு, அதைப் பராமரிப்பவர் யார், அப்பணிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அவர் விலகினால் அடுத்த வழி என்ன என்பவற்றையும் தேர்வின்போது பார்க்கவேண்டியுள்ளது.

ஆதரவுக் காலம்

ஆதரவுக் காலம் என்பது வெளியீட்டாளர் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து வழங்கும் காலம். அது முடிந்த பின்னும் வழங்கி இயங்கும். ஆனால் அதற்குப் பிறகு வெளிப்படும் ஒவ்வொரு குறைபாடும் அடைக்கப்படாமலே இருக்கும். முக்கிய இயங்குதளங்களின் நடைமுறை பின்வருமாறு:

- டெபியன்: ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நிலையான வெளியீடு. முதல் 3 ஆண்டுகள் முழு ஆதரவு. அடுத்த 2 ஆண்டுகள் தனிக் குழுவொன்றின் நீண்டகால ஆதரவு. 2023 சூனில் வெளியான டெபியன் 12க்கு 2028 வரை இவ்வாறு கிடைக்கிறது.
- உபுண்டு: இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் நீண்டகால ஆதரவு வெளியீடு. 5 ஆண்டுகள் பொது ஆதரவு. 'உபுண்டு புரோ' சந்தாவில் 10 ஆண்டுகள் வரை.
- ரெல்: 8, 9, 10ஆம் பதிப்புகள் முறையே 2019, 2022, 2025 மே மாதங்களில் வெளியாயின. ஒவ்வொன்றுக்கும் 10 ஆண்டுகள்.
- சுசே லினக்ஸ் என்டர்பிரைஸ் சர்வர்: 12ஆம் தலைமுறைக்கு 10 ஆண்டுகள் பொது ஆதரவு, கூடுதல் கட்டணத்தில் மேலும் 3 ஆண்டுகள்.
- விண்டோஸ் சர்வர்: 5 ஆண்டுகள் முதன்மை ஆதரவு, 5 ஆண்டுகள் நீட்டித்த ஆதரவு. 2012ஆம் ஆண்டுப் பதிப்பின் காலம் 2023 அக்டோபர் 10 அன்று முடிந்தது. 2022ஆம் ஆண்டுப் பதிப்புக்கு 2031 அக்டோபர் வரை உள்ளது.

இந்த எண்களை வெளியீட்டு நாளிலிருந்து அல்லாமல் நிறுவும் நாளிலிருந்து கணக்கிடவேண்டும். வெளியாகி நான்கு ஆண்டுகள் கடந்த உபுண்டு பதிப்பொன்றைப் புதிய திட்டத்துக்குத் தேர்ந்தால், சந்தா இல்லாத நிலையில் ஓராண்டே மிஞ்சும். மேலும் உபுண்டுவின் பொது ஆதரவு அதன் முதன்மைக் களஞ்சியத்துக்கு உரியது. 'யுனிவர்ஸ்' எனப்படும் பெரிய களஞ்சியத்தின் பொதிகள் தன்னார்வலர்களால் பராமரிக்கப்படுபவை. அவற்றுக்கு உறுதியான பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமெனில் புரோ சந்தா தேவைப்படும். வழங்கியில் உள்ள பொதிகள் எந்தக் களஞ்சியத்தைச் சேர்ந்தவை என்று பார்ப்பது இதனால் அவசியமாகிறது.

பழைய எண், புதிய திருத்தம்

நிலையான வெளியீடுகளில் மென்பொருள்களின் பதிப்பு எண் ஆண்டுக்கணக்கில் மாறுவதில்லை. புதிய பதிப்பில் செய்யப்பட்ட பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பில் பொருத்துவார்கள். இது பின்பொருத்தல் எனப்படும். எடுத்துக்காட்டாக, ரெல் 7 தன் பத்தாண்டு வாழ்நாள் முழுவதும் 3.10 என்ற கருனி எண்ணையே கொண்டிருந்தது. லினக்ஸ் கருனித் திட்டம் 3.10ஐப் பராமரிப்பதை 2017இலேயே நிறுத்திவிட்ட பின்னும், ரெட் ஹேட் அதில் திருத்தங்களைப் பொருத்திக்கொண்டே வந்தது.

இம்முறையால் நிரல்களின் நடத்தை மாறாமல் ஓட்டைகள் மட்டும் அடைபடுகின்றன. ஆனால் பதிப்பு எண்ணை மட்டும் பார்க்கும் பாதுகாப்புச் சோதனைக் கருவிகள், ஏற்கெனவே அடைக்கப்பட்ட குறைபாட்டையும் இருப்பதாக அறிக்கையிடுவது உண்டு. தணிக்கையின்போது அந்த அறிக்கையைக் கண்டு, களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து புதிய பதிப்பைத் தாமே நிறுவும் நிர்வாகிகள், அன்றிலிருந்து அம்மென்பொருளுக்கான திருத்தங்களைத் தாமே கவனிக்கும் பொறுப்பையும் ஏற்கின்றனர். வழங்கலின் பாதுகாப்பு அறிவிப்பில் அக்குறைபாடு எந்தப் பொதி எண்ணில் சரிசெய்யப்பட்டது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வழி.

மிகப் புதியதே பாதுகாப்பானது என்ற எண்ணம் எப்போதும் பொருந்தாது என்பதற்கு 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட எக்ஸ்இசட் பின்கதவு சான்றாகும். எக்ஸ்இசட் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அதன் பராமரிப்பாளர்களுள் ஒருவராக நம்பிக்கை பெற்றிருந்தவரே தீங்கு நிரலை மறைத்து வைத்திருந்தார். தொலைநிலை நுழைவுக்கான ஓப்பன்எஸ்எஸ்எச் சேவையை அது குறிவைத்தது. நுழைவுக்கு அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்த போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் அதைக் கண்டறிந்தார். டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் வரவிருந்த பதிப்பு, ஓப்பன்சுசே டம்பிள்வீட் ஆகியவற்றுக்குள் அப்பதிப்புகள் சென்றிருந்தன. டெபியனின் நிலையான வெளியீட்டையும் ரெல்லையும் அவை எட்டவில்லை.

மறுபக்கம், திருத்தத்தை நிறுவாமல் இருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னகிரை தீநிரல், விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த குறைபாட்டைப் பயன்படுத்தியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள் முடங்கின. பிரித்தானியாவின் தேசிய நலவாழ்வுச் சேவையின் மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. ஆகவே மெதுவாக மாறும் வெளியீடும் விரைவாக நிறுவப்படும் திருத்தமும் சேர்ந்தே பாதுகாப்பைத் தருகின்றன.

முதன்மைத் தெரிவுகள்

டெபியனும் உபுண்டுவும்: 1993இல் தொடங்கிய டெபியன் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானதன்று, தன்னார்வலர் சமூகமே அதை நடத்துகிறது. ஒரு நிறுவனத்தின் வணிக முடிவால் அது நின்றுபோகும் வாய்ப்பு குறைவு. அதே காரணத்தால் நள்ளிரவில் அழைத்துப் பேச அதிகாரப்பூர்வ உதவி எண் எதுவும் இல்லை. தேவைப்படுவோர் தனியார் ஆலோசகர்களை நாடுகின்றனர். டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004 முதல் வெளிவரும் உபுண்டு, கனோனிக்கல் நிறுவனத்தின் வணிக ஆதரவுடன் வருகிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் டெபியன் வழிவந்ததே.

ரெல் குடும்பம்: வணிக மென்பொருள்களை விற்கும் நிறுவனங்கள் பலவும் முதலில் சோதிப்பது ரெல்லில்தான். எஸ்இலினக்ஸ் என்ற கட்டாய அணுக்கக் கட்டுப்பாடு இதில் இயல்பாகவே செயல்படுகிறது. ஒரு சேவை ஊடுருவப்பட்டாலும் அது தொடக்கூடிய கோப்புகளை வரையறுப்பதால் சேதம் குறைகிறது. ஏதேனும் இயங்காதபோது எஸ்இலினக்ஸை முழுவதுமாக அணைத்துவிடுவது பரவலான, ஆனால் தவறான பழக்கம். சந்தா வேண்டாதோர் ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ், ஆரக்கிள் லினக்ஸ் ஆகியவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

சுசே: எஸ்ஏபி மென்பொருள்கள் இயங்கும் நிறுவனங்களில் வலுவான இடம் பெற்றது.

விண்டோஸ் சர்வர்: ஆக்டிவ் டைரக்டரி வழியாகப் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் அலுவலகங்களிலும், பழைய டாட் நெட் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய செயலிகள் உள்ள இடங்களிலும் இதுவே இயல்பான தேர்வு. ஆனால் 2016இல் வெளியான டாட் நெட் கோர் முதல் புதிய டாட் நெட் செயலிகள் லினக்ஸிலும் இயங்குகின்றன. 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளமும் லினக்ஸில் கிடைக்கிறது. எனவே மைக்ரோசாஃப்ட் மென்பொருள் என்றால் விண்டோஸ் கட்டாயம் என்ற நிலை தளர்ந்துள்ளது.

ஃப்ரீபிஎஸ்டி: கருனியும் அடிப்படைக் கருவிகளும் ஒரே திட்டத்தில் உருவாவதால் ஒருமைப்பாடு மிக்கது. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, 'ஜெயில்' எனப்படும் தனிமைப்படுத்தல் வசதி, வலைப்பின்னல் வேகம் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றது. நெட்ஃபிளிக்ஸ் தன் காணொளிகளை அனுப்பும் வழங்கிகளில் இதைப் பயன்படுத்துகிறது. இதை அறிந்த நிர்வாகிகள் குறைவாகக் கிடைப்பதும், வணிக மென்பொருள்கள் சில இதற்கு வெளியிடப்படாததும் குறைகளாகும்.

செயலியே முதலில் முடிவு செய்கிறது

பல நேரங்களில் இயங்குதளத்தை நிர்வாகி தேர்வதில்லை. இயக்கவேண்டிய செயலியே தேர்ந்துவிடுகிறது. எஸ்ஏபி ஹானா தரவுத்தளம் சுசே, ரெல் ஆகியவற்றில் மட்டுமே ஆதரிக்கப்படுகிறது. ஆரக்கிள் தரவுத்தளத்துக்கான சான்றளிப்பில் ஆரக்கிள் லினக்ஸ், ரெல், சுசே ஆகியவை உள்ளன. டெபியனும் உபுண்டுவும் இல்லை. சான்றில்லாத இயங்குதளத்தில் அவற்றை எப்படியோ நிறுவிவிட முடியலாம். ஆனால் சிக்கல் எழும் நாளில் விற்பனையாளர் உதவ மறுக்கலாம். செலுத்திய ஆதரவுக் கட்டணத்தின் பயன் அந்நாளில்தான் தேவைப்படுகிறது. மாறாக, போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், என்ஜின்எக்ஸ் போன்ற திறமூல மென்பொருள்கள் எல்லா முக்கிய வழங்கல்களிலும் நன்கு இயங்குவதால், அங்கு நிர்வாகக் குழுவின் பழக்கத்துக்கு முதலிடம் தரலாம்.

கொள்கலன்களும் அடித்தளமும்

கொள்கலன் தொழில்நுட்பம் வந்தபின் இயங்குதளத் தேர்வு இரண்டாகப் பிரிந்துள்ளது: கொள்கலன்களைத் தாங்கும் வழங்கியின் இயங்குதளம் ஒன்று, கொள்கலனுக்குள் இருக்கும் அடிப்படைப் படிமம் மற்றொன்று. கருனி தாங்கும் வழங்கியுடையது. நூலகங்கள் படிமத்துடையவை. வழங்கியை மட்டும் இற்றைப்படுத்தினால் படிமத்துக்குள் உள்ள பழைய நூலகங்கள் அப்படியே இருக்கும். படிமங்களையும் அவ்வப்போது மீண்டும் கட்டமைக்கவேண்டும்.

அளவில் சிறியது என்பதால் ஆல்பைன் லினக்ஸ் படிமமாகப் பலரால் விரும்பப்படுகிறது. அது வழக்கமான ஜிலிப்சி நூலகத்துக்குப் பதில் மசல் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. இவ்வேறுபாடு சிலபோது எதிர்பாராத இடத்தில் வெளிப்படும். எடுத்துக்காட்டாக, பெரிய களப்பெயர் விடைகளை டிசிபி வழியாகப் பெறும் வசதி மசல் நூலகத்தில் 2023இல் வந்த 1.2.4 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் சில முகவரிகள் ஆல்பைன் கொள்கலன்களில் மட்டும் கண்டறியப்படாமல் போயின.

பதிப்பு மாற்றத்தின் மறைவான ஆபத்து

ஒருநாள் அடுத்த பெரும் பதிப்புக்கு மாறவேண்டியிருக்கும் என்பதைத் தேர்வின்போதே கணக்கில் கொள்ளவேண்டும். டெபியனும் உபுண்டுவும் அதே வழங்கியில் பதிப்பை உயர்த்தும் முறையை நெடுங்காலமாக ஆதரிக்கின்றன. ரெல்லில் 'லீப்' என்ற கருவி இதற்குப் பயன்படுகிறது. எனினும் பெரிய நிறுவனங்கள் பலவும் புதிய வழங்கியை அமைத்து, தரவை நகர்த்தி, பழையதை அணைக்கும் முறையையே விரும்புகின்றன. தவறு நேர்ந்தால் பழையதற்குத் திரும்புவது அதில் எளிது.

புதிய வழங்கிக்குத் தரவை நகர்த்தும்போதும் எச்சரிக்கை தேவை. 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் மாறின. போஸ்ட்கிரெஸ் தன் சுட்டுகளை அவ்விதிகளின்படி அடுக்கி வைப்பது வழக்கம். டெபியன் 9இலிருந்து 10க்கோ ரெல் 7இலிருந்து 8க்கோ தரவுக் கோப்புகளை அப்படியே மாற்றியபோது, பழைய விதிப்படி அடுக்கிய சுட்டில் புதிய விதிப்படி தேடல் நடந்தது. இருக்கும் பதிவு இல்லை என விடை வரலாம்; ஒரே மதிப்பு இருமுறை பதிவாகலாம். பிழைச் செய்தி ஏதும் தோன்றாது. உரைச் சுட்டுகளை மீண்டும் உருவாக்குவதே தீர்வு. பழைய, புதிய இயங்குதளங்களுக்கிடையே கோப்பு நிலையில் நகலாக்கம் வைத்திருந்தவர்களும் இதே சிக்கலில் சிக்கினர்.

செலவும் சட்டமும்

உரிமக் கட்டணம் செலவின் ஒரு பகுதி மட்டுமே. விண்டோஸ் சர்வரின் நிலையான உரிமம் செயலியின் கருக்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஒரு வழங்கிக்குக் குறைந்தது 16 கருக்களுக்கு உரிமம் பெறவேண்டும். அதை அணுகும் பயனர்களுக்கோ கருவிகளுக்கோ தனி உரிமமும் தேவை. ரெல்லும் சுசேயும் ஆண்டுச் சந்தாவில் வருகின்றன. கட்டணமில்லா வழங்கல்களில் அப்பணம் மிச்சமாகும். ஆனால் சிக்கலைத் தாமே தீர்க்கும் திறனுள்ள ஊழியர்கள் வேண்டும். அத்தகைய ஒருவர் கூட இல்லாத நிறுவனத்துக்குச் சந்தா மலிவானதாகவே அமையும்.

சட்ட விதிகளும் தேர்வைப் பாதிக்கின்றன. இந்தியாவில் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, கணினிப் பதிகைகளை 180 நாள்களுக்குச் சேமிக்கவேண்டும். பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். கணினிகளின் நேரத்தையும் ஒத்திசைத்து வைக்கவேண்டும். பதிகைச் சேமிப்பும் நேர ஒத்திசைவும் இயங்குதளத்தை நிறுவும் நாளிலேயே அமைக்கவேண்டியவை.

தேர்வு செய்யும் முறை

நடைமுறையில் பின்வரும் வரிசையில் கேள்விகளை எழுப்புவது தெளிவைத் தரும்:

1. இயக்கவேண்டிய செயலிகளுக்கு எந்த இயங்குதளங்களில் விற்பனையாளரின் ஆதரவு உண்டு?
2. திட்டம் எத்தனை ஆண்டுகள் ஓடும்? அதைக் கடந்து நிற்கும் ஆதரவுக் காலம் எதற்கு உள்ளது?
3. வழங்கியின் வன்பொருளுக்கு அப்பதிப்பில் இயக்கிகள் உள்ளனவா?
4. குழுவினர் எதை நன்கு அறிவர்? அவர் விலகினால் அத்திறனுள்ள வேறொருவர் கிடைப்பாரா?
5. திருத்தங்களை யார், எவ்வளவு விரைவில் நிறுவுவர்? மறுதொடக்கத்துக்கு நேரம் ஒதுக்கப்பட்டுள்ளதா?
6. இத்தெரிவு கைவிடப்பட்டால் மாறிச் செல்லும் வழி எது?

விடைகள் கிடைத்த பின், உற்பத்திச் சூழலை ஒத்த சோதனைச் சூழலில் அதே பதிப்பை நிறுவி, உண்மைச் சுமைக்கு இணையான சுமையில் சில வாரங்கள் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். காப்புப்படி எடுப்பதோடு நில்லாமல், அதிலிருந்து முழு வழங்கியையும் மீட்டெடுக்க முடிகிறதா என்றும் அப்போதே சோதிக்கவேண்டும். நிறுவனத்துக்குள் ஒன்றிரண்டு இயங்குதளங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்ததை நிறுவினால், ஒரே பாதுகாப்புக் குறைபாட்டை ஐந்து விதமாக அடைக்கவேண்டிவரும்.

தேர்ந்தெடுத்த பதிப்பின் ஆதரவு முடியும் நாளைப் பராமரிப்பு நாள்காட்டியில் குறித்து, அதற்கு ஓராண்டு முன்பே மாற்றத்துக்கான பணியைத் தொடங்குவது பரிந்துரைக்கப்படுகிறது. சென்ட்ஓஎஸ் 8 பயனர்களுக்குக் கிடைத்தது ஓராண்டுக்கும் சற்றே கூடுதலான அவகாசம். எந்தச் செயலி எந்த வழங்கியில் ஓடுகிறது, அதை எவ்வாறு மீண்டும் நிறுவுவது என்று எழுதி வைத்திருந்த நிறுவனங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.